அப்பாவுக்குக் கேட்கும்

அப்பாவின் காது மிஷின் இரண்டும் சாப்பாட்டு மேஜையில், அவற்றின் சின்ன டப்பாவுக்குள், பேட்டரி மூடி திறந்தபடி கிடந்தன. குளிக்கப் போகும்போது கழற்றியவர், குளித்துவிட்டு வந்தும் மாட்டிக்கொள்ளாமல், ஈரத் தலையோடு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, தெருவில் யாரோ கடையின் இரும்பு ஷட்டரை இழுத்து மூடினார்கள், மின்விசிறி தன் வழக்கமான கடகடப்பை விடாமல் செய்துகொண்டிருந்தது. இது எதுவும் அவருக்குக் கேட்காது. ஷட்டர் சத்தத்துக்கு அவர் இமைகூட அசையவில்லை. பிறகு, தெரு கொஞ்சம் அடங்கிய ஒரு நொடியில், அவர் தலையைத் திருப்பித் தரையைப் பார்த்தார்.

எதையோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிற பார்வை இல்லை அது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவோமே, அந்தத் திரும்பல்.

அதே நொடியில், சோபாவில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த குட்டியும் பென்சிலை நிறுத்தித் தரையைப் பார்த்தாள். தாத்தாவும் பேத்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். குட்டி மறுபடி கணக்கில் குனிந்துகொண்டாள், அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சமையலறை வாசலில் தட்டைத் துடைத்தபடி நின்றவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது. பெற்ற மகளைப் பார்த்து ஒரு தாய்க்கு வயிறு எரியலாமா என்று கேட்டால் எரியக் கூடாது. ஆனால் எரிந்தது.

காதுதான் அவளுடைய பிழைப்பு. கடைத்தெருவில், ஒரு மருந்துக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில், காது பரிசோதித்து மிஷின் பொருத்தித் தருகிற இடத்தில் வேலை செய்கிறாள். ஊரில் உள்ள வயதானவர்கள் எல்லாரும் அவளிடம் காதைக் காட்டியிருக்கிறார்கள். எத்தனையோ பேருக்கு, பல வருஷம் கழித்துப் பேரப்பிள்ளையின் குரலைக் கேட்க வைத்திருக்கிறாள். அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்பாவின் ரிப்போர்ட் அவளுக்கு மனப்பாடம். வலது காது போரில், குண்டு வெடித்து, அங்கேயே போய்விட்டது. இடது காதில் மிச்சம் இருப்பதை வைத்து, மிஷினும் போட்டு, எதிரில் நின்று வாயசைவையும் காட்டினால் பாதி புரியும். மிஷின் இல்லாத அப்பாவுக்குக் கேட்கிற சத்தம் என்று இந்த வீட்டில் எதுவும் இருக்க முடியாது.

இருந்தும் அவருக்குக் கேட்டது. குட்டிக்கும் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

இது புதிதும் இல்லை. அதுதான் அவளை உள்ளே குடைந்தது.

அவளுக்கும் தம்பிக்கும் நான்கைந்து வயசு வித்தியாசம். தம்பி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷத்தில்தான் அப்பா பட்டாளத்திலிருந்து ஒரேயடியாக வீட்டுக்கு வந்தார். வந்தவர் யாரோடும் ஒட்டவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், போவார். அம்மாகூட அவரிடம் ஒரு வாடகைக்காரரிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள். அப்பேர்ப்பட்ட மனுஷன், சாயங்காலம் ஆனால் தம்பியைக் கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொள்வார். விளக்குப் போட மாட்டார்கள். சில நாள் வெகுநேரம் ஆகும். வெளியே வரும்போது தம்பியின் முகம் வெளுத்து, பெரிய மனுஷத்தனமாக இருக்கும். அக்காவைப் பார்க்காமலே கடந்து போவான்.

அவள் கேட்டுப் பார்த்தாள். கெஞ்சியும் பார்த்தாள். "நானும் வரேன்ப்பா" என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அப்பா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, "உனக்கு எதுக்கு? நீ போய்ப் படி" என்றார். படித்தாள். வகுப்பில் முதலாவதாக வந்தாள். காட்டப் போனால் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார். இதற்கு ஓரவஞ்சனை என்பதைத் தவிர வேறு பேர் இருந்தால் யாராவது சொல்லட்டும்.

மானத்தை விட்டுக் கதவில் காதை ஒட்டி நின்றும் பார்த்திருக்கிறாள். பேச்சுக் குரலே வராது. மரத்தின் வழியாக, காதுக்குள் வருவதைவிட எலும்புக்குள் வருகிற மாதிரி, தட்டுகிற சத்தம் மட்டும் வரும். மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. பிறகு ஒரே ஒரு தட்டு. திரும்பவும் அதே. அப்பாவும் மகனும் தரையில் தட்டித் தட்டி ஏதோ விளையாடுகிறார்கள், பட்டாளத்து ரகசியப் பாஷையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். படுக்கையில் போர்வைக்குள் கையை மடக்கித் தன் நெஞ்சிலேயே அதைத் தட்டிப் பார்த்துக்கொள்வாள். மூன்று. பிறகு ஒன்று. யாரும் சொல்லித் தராமலே அவளுக்கு வந்துவிட்டது. ஒட்டுக்கேட்டுக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல மனசு இடம் தராததால், அவளுக்கு அது தெரியும் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தம்பியும் பட்டாளத்துக்கே போனான். கடைசியாக விடுமுறைக்கு வந்தபோது சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, அவள் சட்டி கழுவுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அக்கா, நீ குடுத்து வெச்சவ" என்றான்.

கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்து அவன் வந்தது மூடிய பெட்டியில். திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அன்றைக்கு முழுக்க அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, ஒரு கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். எடுக்கவே இல்லை. தம்பிக்காக அவள் அழுதாள், அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, செத்தும் இவனுக்குத்தானே என்று மனசு ஒரு ஓரத்தில் முனகியது. அதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவே பல வருஷம் ஆனது.

அம்மா போனபிறகு அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். கணவர் கப்பலில் வேலை; வந்தால் ஒரு மாதம் இருப்பார், போனால் போனதுதான். வீட்டில் மூன்றே பேர். மேலே மொட்டை மாடி, கீழே மண், சுற்றி நான்கு சுவர். இனிமேலாவது அப்பா தனக்கு மட்டும் என்று நினைத்தாள். அவருடைய காதையே கையில் வைத்திருக்கிறாளே! காலையில் அவள்தான் மாட்டிவிடுவாள், ராத்திரி அவள்தான் கழற்றுவாள். மாட்டிவிடும்போது தினமும் "கேக்குதாப்பா?" என்பாள். "கேக்குது" என்பார். வேறு எதுவும் சொல்ல மாட்டார்.

இப்போது குட்டி. ஒரு மாதமாகவே சாயங்காலம் விளையாடப் போவதில்லை. பள்ளிப் பையை வைத்ததும் தாத்தாவின் அறை. கதவு சாத்தியிருக்கும். அவள் சொந்த வீட்டில், தான் வாங்கிப் போட்ட கதவுக்கு வெளியே, பழையபடி நின்றாள். காதை நிலைச்சட்டத்தில் ஒட்டினாள். மூன்று தட்டு. இடைவெளி. ஒன்று.

சொல்லிக் கொடுத்துவிட்டார். இவளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"தாத்தா ரூம்ல அப்படி என்னடி பண்றீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. கேட்டுட்டு இருந்தோம்."

"எதை?"

"கீழ இருக்கறவங்களை." குட்டி தண்ணீர் குடித்தாள். "உனக்குத்தான் கேக்காதாமே? தாத்தா சொன்னாரு."

அந்த 'தான்' அவளுக்குள் முள்ளாக இறங்கியது. அன்று பாத்திரங்களை அலம்பும்போது இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் உடைந்தன, தானாக உடையவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் குட்டியைக் கூட்டிப் போனாள். சோதனை அறை என்பது ஒரு பெரிய அலமாரி அளவுதான். சுவர், கூரை, கதவு எல்லாம் பஞ்சு வைத்துத் தைத்தது. உள்ளே போனால் சொந்தக் குரலே வாயை விட்டு வெளியே வராத மாதிரி இருக்கும். ஹெட்போனை மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அமுக்கு. எவ்வளவு சின்னதா இருந்தாலும் அமுக்கணும்" என்று சொல்லிக் கனத்த கதவைச் சாத்தினாள். கண்ணாடி வழியாக மகளின் பின்னந்தலை தெரிந்தது. ஒவ்வொரு சத்தமாக அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. நல்ல காது, பிசகே இல்லாத காது. அப்பாடா என்று மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

விளக்கு எரிந்தது.

மிஷின் அணைந்திருந்தது. சுவிட்சைத் தொட்டுப் பார்த்தாள், அணைத்தபடிதான் இருந்தது. விளக்கு மறுபடி எரிந்தது, மறுபடி, பிறகு கொஞ்சம் நின்று ஒரே ஒரு தரம். உள்ளே குட்டி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தலை மட்டும் லேசாகக் கீழே சாய்ந்திருந்தது. வெளியே மருந்துக் கடைக்காரர் யாரிடமோ மாத்திரையை உடைத்துச் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கு மூன்று தரம் எரிந்தது. பிறகு ஒன்று.

மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணை மூடினாள். மூச்சைப் பிடித்தாள். ரத்தம் ஓடுகிற இரைச்சல், விழுங்குகிற எச்சில், காதுக்குள் ஒரு மெல்லிய ரீங்காரம், எல்லாம் அவளுடையவை. வேறு யாரும் இல்லை. அவளைக் கூப்பிட ஆளே இல்லை. பயந்து நடுங்க வேண்டிய இடத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

அன்று மாலை அப்பாவின் காதில் மிஷினை அவளே திணித்து, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் பொண்ணை என்னப்பா பண்றீங்க?"

அப்பா இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். பிறகு பேசினார். அவள் வாழ்க்கையிலேயே அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"மழைம்மா. பதுங்குகுழி சரிஞ்சிருச்சு. எங்க ஆளுங்க உள்ள. நான் மட்டும் வெளிய காவல்ல நின்னேன். உள்ளேருந்து தட்டுனாங்க."

"தோண்ட வேண்டியதுதானே?"

"எதிரி கூப்பிடற தூரத்துல இருந்தான். மம்பட்டி சத்தம் கேட்டா பின்னாடி இருக்கற எல்லாரும் காலி. அசையக் கூடாதுன்னு உத்தரவு." அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "மண்ணு மேல கையை வெச்சேன். லேசா அமுக்குனேன். ஒருத்தன் இருக்கான்னு அவங்களுக்குத் தெரியட்டும்னு. நிக்கற வரைக்கும் கையை எடுக்கல."

"எது நிக்கற வரைக்கும்?"

அவர் அந்தக் கையை முழங்காலில் கவிழ்த்து அழுத்தினார். வேறு பதில் தேவைப்படவில்லை.

"இங்க வந்தப்புறமும் விடல. நான் மட்டும்தான் கேட்டுட்டு இருந்தேன். ஒருநாள் உன் தம்பி வந்து, 'அப்பா, கீழ யாரு'ன்னு கேட்டான். அவனுக்கும் கேட்டுருச்சு, நான் என்ன செய்ய? சின்னப்பையன் தனியா கேட்டுப் பயந்துக்கக் கூடாதேன்னு கூட வெச்சுக்கிட்டேன். குட்டியும் அப்படித்தான். நானா கூப்பிடலம்மா."

"எனக்கு?"

"உனக்குக் கேக்கல." அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது. "ஒண்ணாவது தப்பிச்சுதேன்னு நிம்மதியா இருந்தேன். உன் காதுல விழுந்துடக் கூடாதுன்னுதான் கதவைச் சாத்துனேன்."

வேறு யாராவது கேட்டிருந்தால் இந்த இடத்தில் அவர் காலில் விழுந்து அழுதிருப்பார்கள். அவள் நம்பவில்லை. நம்பினால் இத்தனை வருஷத்துக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நல்லா சமாளிக்கிறார் என்று நினைத்தாள். பிள்ளைகளுக்குத் தட்டச் சொல்லிக் கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லையே. பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியைத் தம்பிக்கும் குட்டிக்கும் மட்டும் வைத்துக்கொண்டார்.

"இனிமே நான் உக்காரறேன். அவளை விட்ருங்க."

"வேணாம்மா."

"ஏன், நான் உங்க பொண்ணு இல்லையா?"

அப்பா காதிலிருந்து மிஷினைக் கழற்றி அவள் கையில் வைத்தார். பேச்சு முடிந்தது என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே வழி அது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மழை வரும் போல இருந்தது. சாயங்காலம், அப்பாவுக்கு முடி வளர்ந்துவிட்டது என்று சொல்லிக் குட்டியின் கையில் குடையைக் கொடுத்து, இரண்டு பேரையும் முடிவெட்டும் கடைக்கு அனுப்பினாள். மகளைக் காப்பாற்றத்தான் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். கேட்க ஆள் நான் இருக்கிறேன் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டால் குட்டியை விட்டுவிடுவார்கள், அதுதானே நியாயம்? இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சின்னப்பெண்ணுடையது. கேட் சாத்துகிற சத்தமும், குட்டி ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தமும் கேட்டன. அப்பாவும் சிரித்தார். அவரை அவள் சிரிக்க வைத்ததே இல்லை.

அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழும் போட்டாள். தைலமும் பழைய கம்பளியும் கலந்த வாசனை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தரையில் ஒரு இடம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தது, பெரிய கையும் சின்னக் கையும் தினமும் இருக்கிற இடம். அங்கே உட்கார்ந்தாள். வளையலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். விரலை மடக்கி, முட்டியால் தட்டினாள்.

மூன்று. நிறுத்தினாள். ஒன்று.

மின்விசிறி சுற்றியது. தெருவில் ஒரு வண்டி போனது. தன் வயசுக்கு இது என்ன கூத்து என்று வெட்கமாக இருந்தது. இருந்தாலும் திரும்பத் தட்டினாள், இம்முறை அழுத்தமாக. மூன்று. ஒன்று. மழை பிடித்துக்கொண்டது, ஜன்னல் கம்பியில் சடசடத்தது, ஈர மண் வாசனை உள்ளே வந்தது. இந்த வாசனை யாருக்குப் பிடிக்காது என்று நினைத்தாள். ஆனால் அது வந்தபடியே இருந்தது. ஜன்னலிலிருந்து வரவில்லை. சுவரிலிருந்து வந்தது. தைல வாசனையை அமுக்கி, கம்பளி வாசனையை அமுக்கி, மூக்கின் அடிவரை, நாக்கின் மேல்வரை மண்ணாக வந்தது.

மூன்றாம் முறை தட்டினாள்.

மின்சாரம் போய்விட்டது. மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. அது நிற்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, மழை எப்போது நின்றது என்று தெரியவில்லை. மழை மட்டும் இல்லை. தெரு இல்லை. சமையலறைக் குழாய் இல்லை. தொண்டையைச் செருமிப் பார்த்தாள். அந்தச் சத்தம் உதட்டைத் தாண்டியதும் செத்து விழுந்தது.

அவளுடைய தொழில் அவளுக்குச் சொன்னது. எதிரொலி இல்லை. கடையில் அந்தப் பஞ்சு அறையில்தான் இப்படி இருக்கும். சுற்றிலும் எதையோ நெருக்கமாக அடைத்து வைத்திருந்தால்தான் ஒரு அறை இப்படி இருக்கும்.

அப்போது பதில் வந்தது.

தரையிலிருந்து வரவில்லை. தலைக்கு மேலிருந்து வந்தது. கூரையின் நடுவில், மெத்தென்று, ஒரு அழுத்தல். முட்டி இல்லை. விரல் இல்லை. உள்ளங்கை.

அவளுக்கு அது யாருடைய கை என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனை காலம் பார்த்து ஏங்கிய கை! சந்தோஷத்தில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு பயத்துக்கு நடுவிலும் முதலில் வந்தது சந்தோஷம்தான். கேட்டுவிட்டது. அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. தம்பி இல்லை, குட்டி இல்லை, நான் தட்டினேன், எனக்குப் பதில் வந்தது.

பிறகுதான் யோசித்தாள்.

அப்பா தட்டவில்லை. அப்பா கை வைப்பார். அவர் சொன்னாரே, கை வைத்தேன் என்று. தம்பியும் கைதான் வைத்திருப்பான். குட்டியும் கைதான் வைப்பாள். அந்த அறையில் யாரும் தட்டவே இல்லை.

அப்படியானால், கதவில் காதை ஒட்டி அவள் கேட்டது? போர்வைக்குள் நெஞ்சில் தட்டித் தட்டிப் பழகியது?

அவளுக்கும் கேட்டுத்தான் இருந்தது. ஆரம்பத்திலிருந்தே. கீழே இருப்பவர்கள் கூப்பிடுவதை அவள் வரி பிசகாமல் கற்று வைத்திருந்தாள். கற்றதைச் சற்றுமுன் தட்டினாள்.

"அப்பா!"

குரல் எங்கும் போகவில்லை. எழுந்து தாழைத் திறந்தாள். கதவு உள்பக்கம் திறப்பது, திறந்தது. கூடம் இருக்க வேண்டிய இடத்தில் மண். சரியவில்லை, உதிரவில்லை. நிலைச்சட்டத்தின் அளவுக்கு அப்படியே நின்றது. ஈரமாக, கறுப்பாக, கதவின் மரவரி அதில் அச்சாகப் பதிந்திருந்தது. கையை விட்டாள். விரல் நுழைந்தது, மணிக்கட்டு நுழைந்தது. அப்புறம் நுழையவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள். கம்பிக்கு அப்பாலும் அதுதான். ஒரு வெள்ளை வேர் கம்பியைச் சுற்றியிருந்தது.

தட்டினாள். சுவரில் தட்டினாள். கட்டில் மேல் ஏறிக் கூரையில் தட்டினாள். வேறு எப்படித் தட்டினாலும் கை அதற்கே போனது. மூன்று. ஒன்று. மூன்று. ஒன்று.

மேலே பேச்சுக் கேட்டது; கடைக்குப் போனவர்கள் திரும்பி வந்திருந்தார்கள். அவளுடைய காது நல்ல காது. ஒரு சொல்லும் தவறவில்லை.

"தாத்தா, இது வேற யாரோ."

"ம்."

"அவங்க இல்ல. இது புதுசு. ரொம்ப வேகமாத் தட்டறாங்க."

"மொதல்ல அப்படித்தான் தட்டுவாங்க."

"குட்டி!" என்று கத்தினாள். "குட்டி, அம்மாடி! அப்பா, நான்தான்ப்பா!" வாயில் மண் ருசி. கூரையிலிருந்து தூசி நெற்றியில் விழுந்தது. தட்டினாள். தோல் உரிந்தது. தட்டினாள்.

"பாவமா இருக்கு தாத்தா. தோண்டலாமா?"

அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் கூரையில் ஊன்றி, முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தாள். அப்பா யோசிக்கிறார். அவளுக்காக அவர் யோசிக்கிறார். சொல்லுங்கப்பா. சொல்லுங்க.

"வேணாம்டா கண்ணு" என்றார் அப்பா. அவ்வளவு கனிவாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. "சத்தம் வரும். கையை மட்டும் வெச்சுக்கோ. நாம இருக்கோம்னு தெரியட்டும்."

பெரிய கைக்குப் பக்கத்தில், சின்னதாக, இன்னொரு கை வந்து அழுந்தியது. கூரை வழியாக அதன் சூடுகூட அவளுக்குத் தெரிந்தது. மூச்சை இழுத்தாள். பாதிதான் வந்தது. அறை குறுகியிருந்தது, இல்லை, முன்பே இவ்வளவுதான் இருந்ததோ. கட்டில் எங்கே? கால் எதன் மேல் நிற்கிறது?

தட்டினாள். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கையை எடுக்கவில்லை, திரும்பிப் போகவில்லை, வேறு யாரையும் கூப்பிடவில்லை. அவர் முழுதும் அவள் பக்கமே இருந்தார்.

மூன்று.

ஒன்று.

"இப்ப மெதுவாயிடுச்சு தாத்தா" என்றாள் குட்டி.

அவள் மறுபடி கையை உயர்த்தினாள்.